நிற்பது, எழுவது, தடுமாறினால் மீள்வது

குளியலறையில் விழுந்த பெரியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தரை வழுக்கிவிட்டது." இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், முகத்தில் சோப்பு இருந்தது, கண்ணை மூடியிருந்தேன் என்று விவரம் வெளியே வரும். அந்தத் தரை நேற்றும் ஈரமாகத்தான் இருந்தது. கண் மூடிய சில வினாடிகளில், தான் எப்படி நிற்கிறோம் என்ற செய்தி உடலுக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை. வழுக்கியது அதற்குப் பிறகு.

19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் மருத்துவராக இருந்த மோரிட்ஸ் ரோம்பெர்க் இதைக் கூர்ந்து கவனித்தவர். தண்டுவடத்தின் பின்பக்க நரம்புப் பாதைகள் பழுதான நோயாளிகள் கண் திறந்திருக்கும்வரை ஓரளவு நின்றார்கள். மூடச் சொன்னதும் ஆடினார்கள், சாய்ந்தார்கள். இன்றும் நரம்பியல் மருத்துவர் உங்களைக் கால் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்கிறார் அல்லவா, அது அவர் பெயரால் வழங்கும் சோதனைதான்.

"வயசானா விழத்தான் செய்வாங்க" என்று நம் வீடுகளில் சொல்வதை இந்த அத்தியாயம் ஏற்கவில்லை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இவற்றில் பெரும்பகுதி அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நேர்கிறது. ஆனால் நிற்பதும் நடப்பதும் எந்தெந்தத் திறன்களால் ஆனவை என்று தெரிந்துகொண்டால், அவற்றில் பலவற்றை எழுபதிலும் எண்பதிலும்கூட வளர்க்க முடியும்.

உடலுக்கு வரும் மூன்று செய்திகள்

நிமிர்ந்து நிற்கும் உடலின் ஈர்ப்பு மையம் அடிவயிற்றுக்குள், இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால் இருக்கிறது. தரையிலிருந்து பார்த்தால் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே. அந்த மையத்திலிருந்து நேர் கீழே விழும் கோடு, இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட தரையும் சேர்ந்த சிறிய பரப்புக்குள் இருக்கும்வரை நிற்கிறோம். அசையாமல் நிற்பதாக நமக்குத் தோன்றினாலும் உடல் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. உள்ளங்கையில் விளக்குமாற்றை நட்டுவைத்துக் கையை நகர்த்தி நகர்த்தி விழாமல் காப்பது போன்ற வேலையைக் கணுக்காலும் கெண்டைக்கால் தசையும் ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றன.

அந்த வேலைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. ஒன்று கண். இரண்டாவது உட்செவி. அங்கே ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதையும், இரண்டு சிறு பைகள் தலையின் சாய்வையும் நேர்கோட்டு வேக மாற்றத்தையும் அளக்கின்றன. மூன்றாவது, நாம் அதிகம் நினைத்துப் பார்க்காத ஒன்று: பாதத்தின் தோலும், தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகளும், மூட்டுகளும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று சொல்ல முடிகிறதே, அது இவற்றால்தான்.

இந்த மூன்றாவது செய்தி எவ்வளவு பெரியது என்பதை இயான் வாட்டர்மன் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கை காட்டியது. 1971இல், பத்தொன்பது வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் உறுப்புகளின் நிலையுணர்வும் அவருக்கு அற்றுப்போயின. தசைகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனாலும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பல மாத உழைப்பில், ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நடத்த அவர் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் சரிந்துவிடுவார். அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மருத்துவர் ஜொனாதன் கோல் 1991இல் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

வாட்டர்மனுக்கு நேர்ந்தது மிக அரிது. ஆனால் அதன் சிறிய வடிவம் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாத நரம்புகள் மெல்ல மங்கும்போது, காலில் செருப்பு கழன்றது தெரியாது, தரை சரிவாக இருப்பது தெரியாது. வைட்டமின் பி12 குறைவும் இதே வேலையைச் செய்யும். பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்களும், மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களும் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வோ, பஞ்சில் நடப்பது போன்ற உணர்வோ இருந்தால் மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், அதிரும் இசைக்கவையை விரலில் வைத்தும் சில நிமிடங்களில் சோதித்துவிடுவார்கள்.

பாதத்தின் செய்தி மங்கியவர் கண்ணை நம்பியே நிற்கிறார். அவரிடமிருந்து கண்ணையும் எடுத்துவிட்டால் உட்செவி ஒன்றுதான் மிச்சம். சோப்புப் போட்ட முகம், இரவில் விளக்குப் போடாமல் கழிப்பறைக்குப் போவது, மின்சாரம் நின்ற மாடிப்படி எல்லாம் ஒரே வகை ஆபத்து. எனவே முதல் வழிமுறை இது: அறுபதைக் கடந்தவர் தலைக்குக் குளிக்கும்போது உட்கார்ந்து குளிக்க வேண்டும். காலடியில் ரப்பர் பொருத்திய, அகன்ற, சற்று உயரமான ஸ்டூல் போதும். எழுந்து நிற்கப் பிடிப்பதற்குச் சுவரில் துளையிட்டு இறுக்கிய கைப்பிடிக் கம்பி வேண்டும். துண்டு மாட்டும் கம்பியும் தண்ணீர்க் குழாயும் உடல் எடையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. பிடித்த மாத்திரத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

நாற்காலியிலிருந்து எழுவதை முதலில் சரிசெய்யுங்கள்

உடற்பயிற்சி என்றதும் பலர் நடைப்பயிற்சியைத்தான் நினைக்கிறார்கள். நான் யாரையும் முதலில் நாற்காலியில் உட்காரவைத்து எழச் சொல்வேன். ஒருவர் எழும் விதத்தைப் பார்த்தால் அவருடைய தொடை வலு, கணுக்கால் மடக்கம், சமநிலை, துணிவு நான்கும் தெரிந்துவிடும்.

உட்கார்ந்திருக்கும்போது உடல் எடை இருக்கையின் மேல் இருக்கிறது. எழ வேண்டுமானால் அந்த எடை பாதங்களின் மேல் வர வேண்டும். காலை முன்னால் நீட்டிவைத்துக்கொண்டு நிமிர்ந்த முதுகோடு எழப் பார்த்தால் எடை பின்னாலேயே நிற்கும். தொடைத் தசை எவ்வளவு இழுத்தாலும் உடல் மேலே வராது, பின்னுக்குச் சரியும். பலர் இதைத் தொடை பலவீனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி வேலை பாதத்தை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

செய்யும் முறை: இருக்கையின் முன் விளிம்புக்கு நகருங்கள். குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி பாதங்களை உள்ளே இழுங்கள். இரண்டு பாதங்களும் இடுப்பகலத்தில் இருக்கட்டும். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். மூக்கு கால்விரல் நுனிக்கு நேராக வந்ததும் பாதத்தால் தரையை அழுத்தி எழுங்கள். சாயும்போது வரும் வேகத்தை விட்டுவிடாமல் அப்படியே எழும் வேகமாக மாற்ற வேண்டும். சாய்ந்து நிறுத்தி, யோசித்து, பிறகு எழுந்தால் அந்த உந்துதல் வீணாகிறது.

இருக்கை தாழ்ந்தால் கடினம் ஏன் இவ்வளவு கூடுகிறது? முழங்கால் அதிகம் மடங்க மடங்க, உடல் எடை கீழ்நோக்கி அழுத்தும் கோட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. நெம்புகோலின் கை நீண்டால் எதிர்ப்பக்கம் அதிக விசை வேண்டும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான். ஆழமாக அமுங்கும் சோபாவில் பெரியவர்களை மரியாதைக்காக உட்காரவைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். கைப்பிடியுள்ள, உறுதியான, ஏறத்தாழ 45 செ.மீ. உயர மரநாற்காலிதான் அவர்களுக்கு உண்மையான மரியாதை.

உட்காருவதையும் கவனியுங்கள். கடைசி நாலு அங்குலம் 'தொப்'பென்று விழுந்து உட்காருகிறவர் எழுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் தசையைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருக்கிறார். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இழுக்கிறது. மாடிப்படி இறங்கத் தேவைப்படும் திறனும் அதுவே. எலும்பு மெலிந்தவர்கள் இப்படித் தொப்பென்று உட்கார்ந்தே முதுகெலும்பை நசுக்கிக்கொள்வதும் உண்டு. மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்கிப் பழகுங்கள்.

உங்கள் நிலையை அறிய ஓர் எளிய அளவு இருக்கிறது. சுவரோடு சேர்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்து, 30 வினாடியில் எத்தனை முறை முழுவதும் எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அருகில் ஒருவர் நிற்கட்டும். 60 முதல் 64 வயது ஆண் 14க்குக் குறைவாகவும் பெண் 12க்குக் குறைவாகவும் செய்தால், 70 முதல் 74 வயதில் ஆண் 12க்கும் பெண் 10க்கும் குறைந்தால், 80 முதல் 84 வயதில் ஆண் 10க்கும் பெண் 9க்கும் குறைந்தால், விழும் ஆபத்து கூடியிருக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் அளவுகோல் சொல்கிறது. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாவிட்டால் கணக்கு பூஜ்யம். அதற்காக மனம் உடைய வேண்டாம். உயரமான இருக்கையில் தொடங்கி, கையை ஊன்றியே பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை செய்யுங்கள்.

முதல் சில வாரங்களிலேயே எழுவது லேசாகிவிடும். அந்த நாட்களில் தசை பெரிதாகக் கூடியிருக்காது. ஏற்கெனவே இருக்கும் தசை இழைகளை நரம்பு இன்னும் அதிகமாக, இன்னும் வேகமாக, சரியான வரிசையில் வேலைக்கு அழைக்கத் தொடங்கியிருக்கும். தசை தடிப்பது பிறகுதான். பாஸ்டனில் மரியா ஃபியாடரோனே குழுவினர் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது தொண்ணூறாக இருந்தவர்களுக்கு எட்டு வாரம் தொடைக்கான எடைப் பயிற்சி கொடுத்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. "இனிமேல் எதற்கு" என்று சொல்லும் எண்பது வயதுக்காரர்களிடம் நான் எடுத்துக்காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயதாகும்போது வேகமாகச் சுருங்கும் தசையிழைகள்தான் முதலில் அதிகம் மெலிகின்றன. அதனால் வலுவை விட வேகம் முன்னதாகக் குறைகிறது. பத்துக் கிலோ வாளியைத் தூக்க முடிகிற ஒருவரால் தடுக்கியவுடன் காலை முன்னால் எடுத்துவைக்க முடியாமல் போவது இதனால்தான். வலி இல்லாதவர்கள், மெதுவாக இறங்கி, எழும்போது மட்டும் சட்டென்று எழுந்து பழக வேண்டும்.

கைத்தடி எந்தக் கையில்?

வலது இடுப்போ முழங்காலோ வலித்தால் கைத்தடியை வலது கையில் பிடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். இடது கையில் பிடிக்க வேண்டும். காரணம் புரிந்தால் மறக்காது.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். வலது காலில் நிற்கும்போது உடலின் எடை அந்த இடுப்பு மூட்டுக்கு இடப்புறமாகத் தள்ளி இருப்பதால் இடுப்பு இடப்பக்கம் சரியப் பார்க்கிறது. சரியாமல் பிடிப்பது வலது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. மூட்டிலிருந்து அந்தத் தசை இழுக்கும் தூரம் குறைவு; எடை இழுக்கும் தூரம் அதைப்போல இரண்டு மடங்கு வரை இருக்கும். எனவே தசை உடல் எடையைவிடக் கூடுதலாக இழுத்தாக வேண்டும். எடையும் தசையின் இழுப்பும் சேர்ந்து மூட்டின் மேல் விழுகின்றன. பெர்லினில் கேயார்க் பெர்க்மன் குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே விசையளவியை வைத்துப் பார்த்தபோது, சாதாரண நடையில் அந்த மூட்டின் மேல் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விழுவது தெரிந்தது.

இடது கையில் தடியை ஊன்றினால், மூட்டிலிருந்து வெகுதூரத்தில் இருந்து அது இடுப்பை மேலே தாங்குகிறது. நீண்ட நெம்புகோல் ஆகையால் சிறிய அழுத்தமே போதும். வலது பக்கத் தசை இழுக்க வேண்டிய அளவு பெருமளவு குறைகிறது. அதே தடியை வலது கையில் பிடித்தால் இந்த ஆதாயம் போய்விடும். உடலும் வலிக்கும் பக்கமே சாய்ந்து நடக்கும்.

தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். செருப்புப் போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரமே தடியின் பிடி இருக்க வேண்டிய உயரம். அடியில் உள்ள ரப்பர் குமிழ் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

பயிற்சி ஒரேமாதிரி இருக்கக் கூடாது

1920களில் மாஸ்கோவின் மத்திய தொழிலாளர் நிறுவனத்தில் நிகலாய் பெர்ன்ஷ்டெயின் என்ற இளம் ஆராய்ச்சியாளர், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களின் கையிலும் தோளிலும் சிறிய விளக்குகளைக் கட்டி, நொடிக்குப் பலமுறை படம் பிடித்தார். கைதேர்ந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாமல் ஒரே அசைவைச் செய்வார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சுத்தியல் தலை உளியை அடைந்த பாதை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் மடங்கிய அளவுகள் அடிக்கு அடி மாறின. தோளில் கொஞ்சம் கூடினால் முழங்கை அதைச் சரிக்கட்டியது. அதாவது மூளை ஓர் அசைவை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு ஒப்பிப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கணத்து நிலைமைக்கு ஏற்ப அந்தக் காரியத்தைப் புதிதாக முடிக்கிறது. பயிற்சி என்பது அப்படி முடிக்கும் திறனை வளர்ப்பது என்று அவர் எழுதினார்.

விழாமல் இருப்பதற்கான பயிற்சியில் இதைவிடப் பயனுள்ள கருத்து எனக்குத் தெரியவில்லை. தினமும் ஒரே பூங்காவில், ஒரே சமதளப் பாதையில், ஒரே வேகத்தில் நடப்பவர் இதயத்துக்கு நல்லது செய்கிறார். சமநிலைக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. சிட்னியைச் சேர்ந்த கேத்தரின் ஷெரிங்டன் குழுவினர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட முடிவும் இதுவே: சமநிலைக்குச் சவால் விடும் பயிற்சியை வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களிடம்தான் விழுவது மிக அதிகமாகக் குறைந்தது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் உருவாக்கிய வீட்டுப் பயிற்சித் திட்டம் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ 35 சதவீதம் குறைத்திருக்கிறது. அதற்குத் தேவைப்பட்டவை கணுக்காலில் கட்டும் எடைப் பட்டையும் பிடித்துக்கொள்ள உறுதியான ஒரு மேசையும்தான்.

நம் வீட்டுச் சமையல் மேடை இதற்கு மிகப் பொருத்தம். மேடையைப் பார்த்து நின்று, விரல்நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு தொடங்குங்கள். பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியோடு சேர்த்து நேர்கோட்டில் நில்லுங்கள். பத்து வினாடி நிற்க முடிந்தால், அடுத்த நாள் அதே நிலையில் தலையை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். பிறகு ஒற்றைக் கால். பிறகு மடித்த ஜமுக்காளத்தின் மேல் அதே பயிற்சி. பிறகு நின்றபடி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மறுபக்கம் வைப்பது. ஒன்று எளிதானதும் வேறொன்றை மாற்றுங்கள். சற்றே ஆட்டம் காண வேண்டும், பிறகு நீங்களே மீள வேண்டும். அந்தத் தடுமாற்றத்தில்தான் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. ஆடவே இல்லை என்றால் பயிற்சி போதவில்லை. மேடையைக் கெட்டியாகப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் அளவு மிஞ்சிவிட்டது.

அடி எடுத்துவைக்கும் பயிற்சியை யாரும் விடக் கூடாது. நிற்கும் தரை சட்டென்று நகர்ந்தால் காலின் தசைகள் பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் தாமாகவே இழுக்கத் தொடங்குகின்றன. நாம் யோசித்துச் செய்யும் எந்த அசைவுக்கும் அதைப்போல் இரண்டு மடங்கு நேரமாவது ஆகும். சறுக்கல் பெரிதாக இருந்தால் அந்த முதல் இழுப்பு போதாது. காலை எடுத்து வேறிடத்தில் வைத்துத்தான் தப்ப வேண்டும். எனவே மேடையருகே நின்று முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று ஒருவர் சொல்லச் சொல்ல விரைந்து ஒரு அகன்ற அடி வைத்துத் திரும்புங்கள். பக்கவாட்டுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். பக்கவாட்டில் இடுப்பு தரையில் மோதும்படி விழும்போதுதான் தொடையெலும்பின் கழுத்து முறியும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது.

இன்னொரு தயாரிப்பு நமக்குத் தெரியாமலே நடக்கிறது. நின்றபடி கையை முன்னால் தூக்கும்போது, தோள் தசைக்கு முன்பே தொடையின் பின்தசை சுருங்கிவிடுகிறது என்று 1967இல் மாஸ்கோவில் விக்தர் குர்ஃபின்கெல் குழுவினர் காட்டினார்கள். கை எடை முன்னால் போகப்போகிறது என்று கணித்து உடல் முன்கூட்டியே பின்னால் இறுகிக்கொள்கிறது. நாமே தூக்கும் வாளி நம்மைச் சாய்ப்பதில்லை. பேரக்குழந்தை ஓடிவந்து சேலையைப் பிடித்து இழுத்தால் சாய்கிறோம். வயதாகும்போது இந்த முன்தயாரிப்பு தாமதமாகிறது. கனமான எதையும் தூக்குமுன் பாதத்தை ஒன்றன்முன் ஒன்றாகச் சற்று அகட்டிவைத்துக்கொள்வது அந்தத் தாமதத்தை ஈடுகட்டும்.

நடந்துகொண்டே பேசுவது பற்றி ஸ்வீடனில் லில்லெமோர் லுண்டின்-ஓல்சன் குழுவினர் 1997இல் வெளியிட்ட சிறு ஆய்வு புகழ்பெற்றது. முதியவர்களோடு நடந்தபடி பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்ல நின்றுவிட்டவர்கள், நடந்துகொண்டே பேசியவர்களைவிட அடுத்த ஆறு மாதத்தில் அதிகம் விழுந்தார்கள். அவர்களுக்கு நடை தானாக நடக்கும் காரியமாக இல்லாமல், கவனத்தைச் செலவழிக்கும் காரியமாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர் அப்படி நின்று பேசுகிறவரானால், மாடிப்படியில் அவருக்கு போன் செய்யாதீர்கள், பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள்.

வீட்டில் மாற்ற வேண்டியவை

நடக்கும்போது முன்னே வீசும் காலின் நுனி தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை செ.மீ. உயரத்தில்தான் கடக்கிறது. சுருண்ட மிதியடி விளிம்பும், தரையில் ஓடும் ஒயரும், தழையும் நைட்டியும் வேட்டியும் ஏன் ஆபத்து என்பதற்கு இந்த ஓர் அளவு போதும். பின்பட்டி இல்லாத ரப்பர் செருப்பை விட்டு, குதிகாலைப் பிடிக்கும் மெல்லிய, உறுதியான அடியுள்ள காலணிக்கு மாறுங்கள். சர்க்கரை நோயாளிகள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் கண்ணாடியில் கீழ்ப்பகுதி வழியாகப் படியைப் பார்த்தால் விளிம்பு மங்கும். வெளியே போகவும் படி இறங்கவும் தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது.

இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் படுக்கை விளிம்பில் உட்கார்ந்து, கணுக்காலைச் சில முறை மேலும் கீழும் அசைத்த பிறகு எழ வேண்டும். எழுந்ததும் கண் இருட்டுகிறது என்றால் மருத்துவரிடம் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை உங்கள் விருப்பத்துக்குக் கூட்டாதீர்கள். படுக்கையில் புரளும்போது மட்டும் சில வினாடி தலை சுற்றினால் உட்செவித் துகள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எளிய சிகிச்சையிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விழுந்துவிட்டால்

உடனே எழ அவசரப்பட வேண்டாம். யாரும் கையைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ, இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, தலை மோதியிருந்தாலோ அசைக்காமல் 108ஐ அழையுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வாருங்கள். அருகிலுள்ள உறுதியான நாற்காலிவரை தவழ்ந்து, இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி, வலுவுள்ள காலின் பாதத்தை முன்னால் வைத்து, அழுத்தி எழுந்து, திரும்பி உட்காருங்கள். இதை விழாத நாளிலேயே பாய் விரித்து, துணைக்கு ஆள் வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். நம் தலைமுறைகள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தபோது இந்தத் திறன் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது. முடிகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விழுந்ததைப் பெரியவர்கள் மறைக்கிறார்கள். பிள்ளைகள் கவலைப்படுவார்கள், வெளியே விடமாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்திலேயே அசைவைக் குறைத்து, காலை இறுக்கி வைத்துச் சிற்றடியாக நடந்து, இருக்கும் வலுவையும் இழக்கிறார்கள். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெரியவர்களே, அடிபடாவிட்டாலும் விழுந்ததை வீட்டிலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்குப் போன் செய்யும்போது "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டதோடு "இந்த வருஷம் எங்கேயாவது தடுமாறி விழுந்தீங்களா?" என்றும் கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் திட்டாமல், அந்த வாரமே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போங்கள்.